அம்மாவின் நூறு நாள் வேலைக் கூலி: "ஏறிடுச்சி" என்று சொன்ன பணத்தைத் தேடிப் பிடித்த கதை

2024 ஜூன் கடைசி வாரம் தொடங்கி நான்கு வாரம் எங்கள் அம்மா ஏரி வரத்துக்கால்வாய் தூர்வாரும் வேலைக்குப் போனார். ஒரு வாரம் மட்டும் 5 நாள், மற்ற மூன்று வாரமும் 6 நாள், ஆக 23 நாள். அந்த ஆண்டு தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி 319 ரூபாய், ஆனால் வெட்டிய மண்ணை அளந்து பார்த்துத்தான் கூலி போடுவார்கள் என்பதால் அம்மா இருந்த செட்டுக்கு நாளுக்கு 290 விழுந்தது. மொத்தம் 6,670 ரூபாய். அந்தப் பணம் அம்மா கைக்கு வந்தது நவம்பர் மாதம். நடுவில் நடந்ததை எழுதி வைத்தால் இதே சிக்கலில் மாட்டியிருக்கும் யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் நான் டவுனில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நாள் முழுக்க அடுத்தவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறவள், எனக்கே இது பிடிபட அவ்வளவு நாள் ஆனது.

ஆகஸ்டு முதல் வாரம் அம்மா பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுப் பார்த்தார், ஒரு வரிகூட ஏறவில்லை. கூட வேலை செய்தவர்களில் பாதிப் பேருக்கு வந்துவிட்டது. ஊராட்சி கிளார்க்கிடம் கேட்டதற்கு, "உங்க துட்டு ஏறிடுச்சிக்கா, பேங்க்ல கேளுங்க" என்றார். சாயங்காலம் நானே திட்டத்தின் வெப்சைட்டில் மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி, வேலை அட்டை எண் என்று வரிசையாகப் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மைதான். நான்கு வாரத்துக்கும் என்.எம்.ஆர். (வேலைக்கு வந்தவர்களின் வருகைப் பதிவேடு) எண், நாள் கணக்கு, தொகை, பணம் வரவு வைத்த தேதி எல்லாம் சரியாக இருந்தது. சரி, பேங்கில்தான் ஏதோ கோளாறு என்று மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "ஆதார் லிங்க் ஆகித்தான் இருக்கு, பணம் எதுவும் வரல, யூனியன் ஆபீஸ்ல போய்க் கேளுங்க" என்றார்கள். யூனியன் ஆபீசில் மறுபடி அதே வெப்சைட்டைத் திறந்து, ஏறிவிட்டது என்றார்கள். இப்படி மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் அம்மாவுக்கு ஒரு நாள் வேலை போனது, பஸ் செலவு வேறு.

யாரும் எங்களிடம் பொய் சொல்லவில்லை, அதுதான் என்னை உலுக்கியது. கிளார்க் சொன்னதும் உண்மை, பேங்க் சொன்னதும் உண்மை. கூலியை 15 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தாமதமானால் 16ஆம் நாளிலிருந்து நாளுக்கு 0.05 சதவீதம் ஈட்டுத்தொகை தர வேண்டும் என்று அப்போதைய நூறு நாள் வேலைச் சட்டத்தில் இருந்தது. ஒரு வாரக் கூலி 1,740 என்றால் நாளுக்கு 87 காசு. அந்த 87 காசைக்கூடக் கேட்க முடியாது, ஏனென்றால் பதிவின்படி பணம் 12ஆம் நாளே போய்விட்டது. தாமதமே நடக்கவில்லை என்று காகிதம் சொல்லும்போது எதை வைத்துப் புகார் கொடுப்பது?

இருந்தாலும் ஆகஸ்டு கடைசியில் கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தோம். காலை எட்டு மணிக்குப் போய் வரிசையில் நின்று, சீல் போட்ட ரசீது வாங்கிக்கொண்டு மதியம் திரும்பினோம். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது, "மனுதாரரின் ஊதியத் தொகை அன்னாரது கணக்கில் வரவு வைக்கப்பட்டுள்ளது" என்று ஒரே வரி. மனு முடித்து வைக்கப்பட்டது. எங்கள் மனு கலெக்டர் ஆபீசிலிருந்து இறங்கி யூனியன் ஆபீசுக்கு வந்து, நாங்கள் ஏற்கெனவே மூன்று முறை பார்த்த அதே பக்கத்தைப் பார்த்து எழுதப்பட்டு, எங்களுக்கே திரும்பி வந்திருக்கிறது. அந்தக் கடிதத்தை அம்மா மடித்து ரேஷன் கார்டு கவரில் வைத்துக்கொண்டு, "வுடு பாப்பா, ஒடம்புல தெம்பு இருக்கு, சம்பாரிச்சிக்கலாம்" என்றார். என்னால் விட முடியவில்லை. ஜூலை வெயிலில் மண் சுமந்த கூலி அது.

அக்டோபரில் எங்கள் ஊராட்சிக்குச் சமூகத் தணிக்கை வந்தது, அதாவது பதிவில் இருப்பது உண்மையா என்று வேலை செய்தவர்களிடமே கேட்டுச் சரிபார்ப்பது. அப்படி ஒன்று நடக்கும் என்று காதில் விழுந்திருக்கிறதே தவிர நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. 1990களில் ராஜஸ்தானில் கூலித் தொழிலாளர்கள் ஊர் நடுவில் கூடி, மஸ்டர் ரோலை, அதாவது வருகைப் பதிவேட்டை, எல்லார் முன்னாலும் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்ட பொது விசாரணைகளிலிருந்து வந்த பழக்கம் இது. 2005இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தின் 17ஆவது பிரிவில் இதைச் சேர்த்தார்கள், 2011இல் தனி விதிகளே வந்தன. தணிக்கை செய்கிறவர்கள் அதே ஊராட்சிக்காரர்களாக இருக்கக் கூடாது என்பது அந்த விதிகளில் ஒன்று. எங்கள் தெருவுக்கு வந்த அக்காவும் வேறு ஊராட்சிக்காரர், அவரும் நூறு நாள் வேலைக்குப் போகிற குடும்பம்தான்.

திண்ணையில் உட்கார்ந்து பையிலிருந்து அச்செடுத்த தாள்களை எடுத்தார். அம்மாவின் வேலை அட்டையை வாங்கிப் பார்த்தார், 2024க்கான பக்கம் வெறுமையாக இருந்தது. அதைக் குறித்துக்கொண்டார். பிறகு ஒவ்வொரு வாரமாகத் தேதியைச் சொல்லி, "இந்த வாரம் போனீங்களா? எத்தனை நாள்? எங்க வேலை? காலையிலயும் மத்தியானமும் போட்டோ எடுத்தாங்களா?" என்று கேட்டார். கடைசியாக, "இந்த 1,740 உங்க கைக்கு வந்துச்சா?" என்றார். நான்கு மாதத்தில் அந்தக் கேள்வியை அம்மாவிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். மற்ற எல்லாரும் பணம் போனதா என்றுதான் பார்த்தார்கள். அம்மா இல்லை என்றதும் பாஸ்புக்கைக் கேட்டு வாங்கித் தன் தாளோடு வரி வரியாக ஒப்பிட்டார். நிமிர்ந்து, "இந்த வருசம் புதுசா சிம் கார்டு ஏதாச்சும் வாங்கினீங்களாம்மா? கைரேகை வெச்சீங்களா?" என்றார்.

வாங்கியிருந்தார். மே மாதம் எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் தீமிதி சமயத்தில் கடைத்தெருவில் குடை போட்டு உட்கார்ந்து சிம் விற்றார்கள். அம்மா இரண்டு முறை விரல் வைத்திருக்கிறார். ஒன்று சிம்முக்கு, இன்னொன்று எதற்கென்று யாரும் சொல்லவில்லை. அந்த இரண்டாவது ரேகையில் அம்மா பெயரில் ஒரு பேமென்ட்ஸ் பேங்க் (கடன் கொடுக்காமல் பணம் போட, எடுக்க மட்டும் உள்ள வங்கி) கணக்கு திறந்துவிட்டார்கள்.

இங்கேதான் நானே தவறாகப் புரிந்து வைத்திருந்தேன், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். ஆதாரை ஒரு கணக்கோடு லிங்க் செய்வது வேறு, மானியமும் கூலியும் வந்து விழ வேண்டிய கணக்கு இது என்று மேப்பிங் செய்வது வேறு. ஒரு ஆதாரை எத்தனை கணக்கோடும் லிங்க் செய்யலாம், ஆனால் மேப்பிங் ஒரே ஒரு பேங்க்குக்குத்தான் இருக்கும், கடைசியாக எந்த பேங்க் பதிந்ததோ அதற்கு. 2024 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைக் கூலியை ஆதார் வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்று மத்திய அரசு கட்டாயமாக்கிவிட்டது. அதாவது கூலி பாஸ்புக் எண்ணைத் தேடிப் போவதில்லை, ஆதார் எந்த பேங்கைக் காட்டுகிறதோ அங்கே போகும். எங்கள் பேங்கில் "லிங்க் ஆகியிருக்கு" என்றது உண்மை. மேப்பிங் எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. நீங்கள் பேங்குக்குப் போனால் தயவுசெய்து அந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்கள்.

ஆதார் வெப்சைட்டில் வங்கி இணைப்பு நிலை என்று ஒரு பகுதி இருக்கிறது. அதைப் பார்க்க ஓ.டி.பி. வேண்டும், அம்மா ஆதாரில் இருந்ததோ எப்போதோ தொலைந்துபோன நம்பர். ஆதார் மையத்துக்குப் போய் 50 ரூபாய் கட்டி நம்பரை மாற்றி, அது மாறும்வரை காத்திருந்து, கடையில் என் சிஸ்டத்திலேயே திறந்து பார்த்தேன். அந்த பேங்கின் பெயர், நடப்பில் உள்ளது என்ற குறிப்பு, கடைசியாக மாற்றிய தேதி என்று வந்தது. தேதி தீமிதிக்கு மறுநாள். கணக்கு எண் மட்டும் காட்டாது.

கணக்கு எண் தெரியாமல் பணத்தை எப்படி எடுப்பது என்று திகைத்தபோது அந்த அக்காதான் போனில் வழி சொன்னார். கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் மெஷினில் பேங்க் பெயரைத் தேர்ந்தெடுத்து ஆதார் எண் போட்டால் போதும். தெரியாத கடையில் விரல் வைக்க அம்மா இனி சம்மதிக்கவில்லை, அதனால் எங்கள் தபால்காரரிடம் சொன்னேன், அவரிடமும் அந்த மெஷின் உண்டு. வீட்டுக்கே வந்தார். வலது கட்டை விரல் எடுக்கவில்லை. மூன்று முறை வைத்தும் எடுக்கவில்லை. மண்வெட்டி பிடித்துப் பிடித்து ரேகை தேய்ந்திருந்தது. இடது கட்டை விரலும் இல்லை. அம்மா உள்ளே போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவி, முந்தானையில் துடைத்துவிட்டு வந்து மோதிர விரலை வைத்தார். மெஷின் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு இருப்பைக் காட்டியது: 6,718 ரூபாய். கூலி 6,670, மீதி 48 காஸ் மானியம். எல்லாம் அங்கேதான் இருந்தது. தபால்காரர் நோட்டை எண்ணிக் கொடுத்ததும் அம்மா ஒன்றும் பேசவில்லை, திரும்ப ஒரு முறை தானே எண்ணினார்.

மறு வாரம் பழைய பேங்கில் மேப்பிங்கைத் திருப்பும் படிவம் எழுதிக் கொடுத்தோம், இரண்டு மூன்று நாளில் மாறிவிட்டது. அது சுலபமான வேலைதான்.

அதற்கு முன்பே, தணிக்கை வாரத்தின் கடைசியில் சிறப்பு கிராம சபை நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் அம்மாவைப் போல 11 பெண்களைக் கண்டுபிடித்திருந்தார்கள். இதை அறிக்கையில் எழுதுவதா வேண்டாமா என்று வாக்குவாதம் வந்தது. "பணம் அவங்க பேர்லதான் போயிருக்கு, இதுல முறைகேடு எங்க இருக்கு?" என்று ஆபீஸ் தரப்பில் கேட்டார்கள். ஊராட்சியின் தவறு இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே ஊரில் 11 பேரின் கூலி அவர்களுக்கே தெரியாத கணக்கில் கிடக்கிறது, மேலே இருக்கிற ஒரு பதிவிலும் அது தெரியவில்லை என்றால், அது எழுத்தில் ஏற வேண்டும். எழுந்து அதைத்தான் சொன்னேன், சபையில் நான் பேசியது அதுதான் முதல் தடவை. அம்மாவும் வேலை அட்டையைத் தூக்கிக் காட்டி, "இதுல ஒரு வரி எழுதியிருந்தா எனக்கு எவ்ளோ வரணும்னாவது தெரிஞ்சிருக்கும்ல?" என்று கேட்டார். இரண்டையும் எழுதிக்கொண்டார்கள். போன வாரம் கிளார்க் தெருவில் எல்லாருடைய அட்டையையும் வாங்கி நாள் கணக்கைப் பதிந்து கொடுத்தார்.

11 பேரில் ஒன்பது பேர் பணத்தை எடுத்துவிட்டார்கள். ஒருவர் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார், வந்ததும் பார்க்க வேண்டும். இன்னொருவர் கோடி வீட்டு ஆயா. பத்து விரலில் ஒன்றைக்கூட மெஷின் எடுக்கவில்லை, அந்த பேங்குக்கு எங்கள் டவுனில் கிளையும் இல்லை. அவருக்கு 17 நாள் கூலி, 4,930 ரூபாய். ரேகையைப் புதிதாகப் பதிந்து பார்க்கலாம் என்று வருகிற செவ்வாய்க்கிழமை ஆதார் மையத்துக்குக் கூட்டிப் போகிறேன். அதுவரை மண் வேலைக்குப் போகாமல் ராத்திரியில் விரலுக்கு எண்ணெய் தடவச் சொல்லியிருக்கிறேன்.