பால்ரஸ் குண்டும் ரூபக தாளமும்: கலிலியோவின் சாய்பலகையைச் செய்து பார்த்தேன்

நியூட்டனின் மூன்று விதிகளையும் பள்ளியில் ஒப்பித்து முழு மதிப்பெண் வாங்கியவன் நான். ஒரு தடவையாவது எதையாவது உருட்டிவிட்டு நேரம் பார்த்திருக்கிறேனா என்றால், இல்லை. நியூட்டனுக்கு முன்பே கலிலியோ கடிகாரம் இல்லாமல் முடுக்கத்தை அளந்தார் என்று படித்ததிலிருந்து அது உறுத்திக்கொண்டே இருந்தது. 1638-இல் லைடனில் அச்சான தன் நூலில் அவர் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார். பன்னிரண்டு முழ மரச்சட்டம், அதில் விரலகலத்துக்குச் சற்று மேலான பள்ளம், உள்ளே வழவழப்பான தோல்தாள், உருட்டிவிட ஒரு வெண்கலக் குண்டு. நேரத்துக்கு, வாளியிலிருந்து மெல்லிய குழாய் வழியே ஒழுகும் தண்ணீரைப் பிடித்து எடை போட்டாராம். இதையே வீட்டில் செய்து பார்ப்பது என்று முடிவு.

முதல் ஞாயிறு முழுக்கப் பொருள் சேர்ப்பதில் போனது. ஒரு அங்குல அலுமினிய ஆங்கிள், எட்டடி நீளம். முனை கீழே இருக்கும்படி வைத்தால் நல்ல பள்ளம் கிடைக்கிறது. நடுவில் தொய்ந்ததால் அடியில் ஒரு ரீப்பர் கட்டையைக் கட்டினேன். குண்டு, மெக்கானிக் கடையில் கிடைத்த பழைய பேரிங்கின் பால்ரஸ், விட்டம் 25 மி.மீ. ஒரு முனையைத் தரையிலிருந்து அளந்து உயர்த்திய பிறகுதான் எங்கள் ஹால் தரையே வாசல் பக்கம் சரிந்திருப்பது தெரிந்தது. கொத்தனார் பிடிக்கும் ட்யூப் லெவலை இரவல் வாங்கி, இரு முனைக்கும் உயர வித்தியாசம் சரியாக 6 செ.மீ. என்று திருத்தினேன்.

அடுத்த வாரம் தண்ணீர்க் கடிகாரம். குழாய் வைத்த பிளாஸ்டிக் கேன், கீழே டம்ளர், சமையலறை எடைத்தராசு. குண்டை விடும்போது குழாய்முனையிலிருந்து விரலை எடுக்க வேண்டும், கடைசியில் 'டக்' என்றதும் மூட வேண்டும். முதல் பத்து முறை கணக்கில் சேர்க்க முடியாத கூத்து. கை பழகியதும் 200 செ.மீ. தூரத்துக்கு 112, 109, 113, 110 கிராம் வந்தது. தூரத்தை நாலில் ஒரு பங்காக, 50 செ.மீ. ஆகக் குறைத்தேன்: 56, 58, 55. நாலில் ஒரு பங்கு தூரத்துக்குப் பாதி நேரம்! தூரம் நேரத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளரும் என்ற வாய்பாடு தெரிந்தும், ஈர டம்ளரைத் தராசில் வைத்து அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. நாடித்துடிப்பில் பத்தில் ஒரு பங்குகூடப் பிசகவில்லை என்று கலிலியோ எழுதியதைப் பின்னாளில் சிலர் நம்பவில்லை. 1961-இல் தாமஸ் செட்டில் என்பவர் அதே மாதிரி கருவிகளைச் செய்து, அது முடிகிற காரியம்தான் என்று காட்டினார். நான் சாட்சி சொல்லத் தயார்.

சரி, விகிதம் வந்தாயிற்று, முடுக்கத்தையும் பார்ப்போம் என்று போன் ஸ்டாப்வாட்ச்சை எடுத்ததில்தான் சிக்கல் ஆரம்பித்தது. குண்டின் எடையில் சரிவை ஒட்டி இழுக்கும் பங்கு, உயரத்தை நீளத்தால் வகுத்தால் வருவது: எட்டடிக்கு, அதாவது 244 செ.மீ.-க்கு 6. புவியீர்ப்பு முடுக்கத்தை அதனால் பெருக்கினால் விநாடிக்கு விநாடி சுமார் 24 செ.மீ. அப்படியானால் 200 செ.மீ. உருள 4.1 விநாடி ஆக வேண்டும். பத்து முறை அளந்த சராசரியோ 5.5. இது கைப்பிழை இல்லை, வேறு ஏதோ இருக்கிறது.

உராய்வுதான் என்று உடனே பழியைப் போட்டேன். பள்ளம் முழுக்கத் தேங்காய் எண்ணெய் தடவினேன். 5.6 ஆனது. அதோடு ஹாலில் இருந்த தூசியெல்லாம் வந்து ஒட்டிக்கொண்டது, துடைக்க அரை மணி நேரம்.

அன்றிரவுதான் உறைத்தது. குண்டு வழுக்கி வரவில்லை, உருண்டு வருகிறது. இழுவிசை அதை நகர்த்தினால் மட்டும் போதாது, சுழற்றவும் வேண்டும். சுழற்றுவது யார் என்றால் நான் திட்டிய அதே உராய்வுதான். தொடும் இடத்தில் அது மேல்நோக்கித் தள்ளுவதால்தான் குண்டு வழுக்காமல் சுழல்கிறது. நியூட்டனின் இரண்டாம் விதியில் (விசை = நிறை × முடுக்கம்) போட வேண்டிய நிகர விசை, இழுவிசையிலிருந்து இந்த உராய்வைக் கழித்தது. நான் கழிக்க மறந்திருந்தேன். திடக்குண்டு சமதளத்தில் உருண்டால் ஆற்றலை ஏழு பங்காக்கி ஐந்தை நகர்வுக்கும் இரண்டைச் சுழற்சிக்கும் கொடுக்கும். முடுக்கம் ஏழில் ஐந்து பங்காகும். கணக்குப் போட்டால் 4.8 விநாடி. இன்னும் 0.7 விநாடி உதைக்கிறது!

இதற்கு மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். விடை ஆங்கிளின் வடிவத்திலேயே இருந்தது. சமதளத்தில் குண்டு தன் அடிப்புள்ளியில் நிற்கிறது. என் பள்ளத்திலோ இரு பக்கச் சுவர்களில் சாய்ந்து நிற்கிறது. அந்த இரண்டு தொடுபுள்ளிகளை இணைக்கும் கோடு மையத்துக்கு நெருக்கமாக, ஆரத்தில் 0.71 பங்கு தூரத்தில்தான் இருக்கிறது. சின்ன சக்கரம் அதிகம் சுற்ற வேண்டும் அல்லவா, அதே கதை. ஒரே தூரத்துக்கு 1.41 மடங்கு சுழற்சி, அதன் ஆற்றல் இரு மடங்கு. ஐந்துக்கு இரண்டு என்பது ஐந்துக்கு நான்காகிவிடுகிறது. முடுக்கம் ஒன்பதில் ஐந்து பங்கு, அதாவது 13.4 செ.மீ. நேரம் 5.46 விநாடி. நான் அளந்தது 5.5. இந்த முயற்சியில் எனக்கு மிகப் பிடித்த நொடி இதுதான்.

சோதிக்காமல் விட மனமில்லை. 16 மி.மீ. கண்ணாடிக் கோலிக்குண்டு, எடையில் பால்ரஸுக்குப் பக்கத்திலேயே வராது, அதுவும் 5.5 விநாடிதான். எடை கணக்கிலிருந்து அடிபட்டுப்போகிறது. உள்ளே வெற்றான டேபிள் டென்னிஸ் பந்துக்கு ஏழில் மூன்று பங்கு, 6.2 விநாடி வர வேண்டும். 6.4 வந்தது. மிச்சத்தைக் காற்றின் கணக்கில் எழுதிவிட்டேன்.

அப்புறம் தாளம். கலிலியோவின் அப்பா வின்சென்சோ, லூட் என்ற நரம்பு வாத்தியம் வாசித்தவர். கலிலியோவின் கையெழுத்துத் தாள்களை ஆராய்ந்த ஸ்டில்மேன் டிரேக், அவர் சீரான தாளத்தை வைத்தே நேரத்தைச் சம பங்காகப் பிரித்திருக்கலாம் என்று 1970களில் எழுதினார். பலகையின் குறுக்கே மெல்லிய நரம்புகளைக் கட்டி, குண்டு தட்டும் ஒலி தாளத்தோடு சேரும்வரை அவற்றை நகர்த்துவது. என் அக்கா வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுப்பவள். விஷயத்தைச் சொன்னேன்.

"டேய், நான் ரூபகம் போடுறேன். சமத்துல, முதல் தட்டுலயே, குண்டை விடு. கையை ஆட்டாதே."

முதலில் ரப்பர் பேண்டு மாட்டினேன். அது பள்ளத்துக்குள் படியாமல் கொடிக்கயிறு மாதிரி குறுக்கே நின்று குண்டை நிறுத்திவிட்டது. மோட்டார் ரீவைண்டிங் கடையில் வாங்கிய 0.2 மி.மீ. செம்புக் கம்பியைப் பள்ளத்தின் வடிவத்துக்கே மடித்து விளிம்புகளில் மாட்டினேன், அது கேட்டது. ஆறு எண்ணிக்கைக்கு ஆறு கம்பி. "மூணாவது பிந்துது", "அஞ்சாவது முந்துது" என்று அவள் சொல்லச் சொல்ல நகர்த்தினேன். என் காதுக்கு எல்லாம் சரியாகவே கேட்டது. அவள் விடவில்லை.

ஒரு மணி நேரம் கழித்துத்தான் டேப்பை எடுத்தேன். இடைவெளிகள்: 5.8, 17.2, 28, 38.5, 48.5, 58.5 செ.மீ. முதலாவதால் வகுத்தால் 1, 3, 4.8, 6.6, 8.4, 10.1. வர வேண்டியது 1, 3, 5, 7, 9, 11 என்ற ஒற்றைப்படை வரிசை. பின்னால் போகப் போகக் குறைவது, ஒவ்வொரு கம்பியும் கொஞ்சம் வேகத்தைத் தின்பதால் என்று நினைக்கிறேன். தாளம் விநாடிக்கு எத்தனை என்று நாங்கள் அளக்கவே இல்லை. சீராக இருந்தால் போதும், காலம் எதுவானாலும் விகிதம் அதேதான்.

அடுத்தது நியூட்டனின் முதல் விதி. இறங்கிய குண்டு எதிர்ச் சரிவில் ஏறக்குறைய அதே உயரத்துக்கு ஏறுகிறதா என்று பார்க்க இன்னொரு ஆங்கிளை இணைத்திருக்கிறேன். இப்போதைக்கு இணைப்பில் துள்ளி சோபாவுக்கு அடியில் போய்விடுகிறது. அரமும் உப்புத்தாளும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன்.