பூவரசங்கட்டையில் ஒரு மிளகு மில்

கோயம்புத்தூரில் பம்புசெட் பட்டறைகளில் 34 ஆண்டுகள் லேத்தில் இரும்பு கடையும் டர்னராக இருந்தவன் நான். ஷாஃப்ட்டில் நூறில் இரண்டு மில்லிமீட்டர் பிசகினாலும் தூக்கிக் குப்பையில் போட்டிருக்கிறேன். அந்தத் திமிரோடுதான் மரத்தில் கை வைத்தேன்.

ஆரம்பித்து வைத்தது மகள். பிறந்தநாளுக்கு அவள் கொடுத்தது முழு மில் அல்ல, உள்ளே போகும் எஃகு அரைவை மட்டும். "மரத்தை நீங்களே கடைந்துகொள்ளுங்கள் அப்பா" என்றாள். நடுவில் ஒரு கம்பி, அதன் அடியில் பல் வெட்டிய கூம்பு, அதைச் சுற்றிப் பல் வெட்டிய வளையம். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மேலே இருக்கும் பெரிய பற்கள் மிளகை உடைக்கின்றன. கீழே நுணுகி வரும் பற்கள் பொடியாக்குகின்றன. பிரான்ஸின் பெஜோ குடும்பத்தார் 1874இல் மிளகு மில் செய்யத் தொடங்கினார்களாம், கார் செய்வதற்கு முன்பே. ரம்பத் தகடு செய்து பழகியவர்களுக்குப் பல் வெட்டச் சொல்லித்தரவா வேண்டும்!

பக்கத்து வீட்டில் சாய்த்த பூவரசு ஒரு துண்டு கிடைத்தது. மூன்று மாதம் நிழலில் போட்டிருந்தேன். காய்ந்துவிட்டது என்று நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

இரும்பு லேத்தில் உளியை இயந்திரம் பிடித்துக்கொள்ளும். நான் சக்கரத்தைத் திருகினால் போதும். மர லேத்தில் உளி என் கையில். தாங்கியில் உளியைச் சாய்க்கும் கோணம் ஒரு நூல் மாறினாலும் முனை குத்திக்கொண்டு கட்டை பிய்கிறது. முதல் நாள் இரண்டு முறை பிய்ந்தது. மூன்றாம் நாள்தான் சுருள் சுருளாகச் சீவல் வந்தது. உள்ளே சாக்லேட் நிறம், லேசாக ரோஜா வாசம். அடியில் 41 மி.மீ. அகலத்துக்கு 13 மி.மீ. ஆழம் குடைந்து, பிறகு இரு முனையிலிருந்தும் 27 மி.மீ. துளை போட்டேன். கையால் திருகும் தலைப்பகுதியின் கழுத்தை அந்தத் துளைக்குள் வழுக்கிக்கொண்டு இறங்கும்படி பத்தில் ஒரு மில்லிமீட்டர் குறைத்துக் கடைந்தேன். பழைய பட்டறையில் இதைப் பார்த்திருந்தால் மேஸ்திரி தட்டிக் கொடுத்திருப்பார்.

இரண்டு மாதம் கழித்து மனைவி ஆம்லெட் தட்டோடு வந்து நின்றாள். "என்னங்க, இது பாதியில் நின்றுகொள்கிறது."

திருப்பிப் பார்த்தேன். கால் சுற்று சுலபமாக வந்தது, இறுகியது. பலமாகத் திருகினால் மறுபடி இளகியது, மறுபடி இறுகியது. ஒரு சுற்றுக்குச் சரியாக இரண்டு முறை. வெர்னியர் அளவுகோலை வைத்தபோதுதான் விளங்கியது. துளை ஒரு பக்கம் 26.8, குறுக்கே 26.3. கழுத்தும் அதே கட்டைதானே, அதுவும் அதே போல் நீள்வட்டமாகியிருந்தது. மரம் காயும்போது ஆண்டு வளையங்களின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. தலையின் மர ரேகைகளும் உடலின் ரேகைகளும் ஒன்றோடொன்று சேரும்போது இரண்டு நீள்வட்டங்களும் பொருந்துகின்றன. கால் சுற்றில் முட்டிக்கொள்கின்றன. இரும்பு இப்படியெல்லாம் எனக்குச் செய்ததில்லை.

கழுத்தை மறுபடி சக்கில் மாட்டி 25.3க்குக் குறைத்தேன். தொளதொளவென்று ஆடுகிறது. பார்க்க எனக்குக் கூசுகிறது, ஆனால் கொல்லிமலை மிளகு தடையில்லாமல் விழுகிறது. ரசத்துக்கு மட்டும் அவள் இன்னும் இடிகல்லைத்தான் எடுக்கிறாள். மில் பொடி அவளுக்கு ரொம்ப நைசாம்.

இரண்டாவது கட்டையில் 22 மி.மீ. துளை மட்டும் போட்டு, தேதியைப் பென்சிலில் எழுதிப் பரணில் வைத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்க்கிறேன். போன ஞாயிறு 581 கிராம். நேற்று 574.