பாட்டு டீச்சர் தேடுகிறவர்களுக்கு: சென்னையில் பார்த்துத் தெரிந்துகொண்டவை

சென்னையில் கர்நாடக சங்கீதம் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. மயிலாப்பூர், மாம்பலம், நங்கநல்லூர், குரோம்பேட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் நாலு தெருவுக்கு ஒருவர் இருப்பார். அவர்களில் நம் குரலுக்கும் வயதுக்கும் நேரத்துக்கும் ஒத்துவருகிறவரைப் பிடிப்பதுதான் பெரிய வேலை. வீட்டில் ஒரு பெண் குழந்தைக்கும், நாற்பதைத் தாண்டிய எனக்குமாக ஆசிரியர் தேடியதில் கவனித்தவற்றை, இனித் தேடப்போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

தேடத் தொடங்க நல்ல காலம் நவராத்திரி. கொலுவிலும் கோயில் மேடையிலும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பாடுவார்கள். அங்கே போய் உட்கார்ந்து கேளுங்கள். நன்றாகப் பாடுகிற ஒரு பிள்ளையை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அது பிறவியிலேயே ஞானம் உள்ள பிள்ளையாக இருக்கலாம். ஒரே டீச்சரிடம் படிக்கிற நாலைந்து பேர் பாடும்போது, அவர்களில் சுமாராகப் பாடுகிற பிள்ளைகூட ஸ்ருதியோடு (பின்னணியில் ஒலிக்கும் அடிப்படை ஒலியோடு) நிற்கிறதா, தாளம் விடாமல் போடுகிறதா என்று பாருங்கள். நின்றால், அந்த டீச்சரின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். கச்சேரியில் கேட்டு மயங்கி ஒருவரைத் தேடிப் போவதைவிட இது பல மடங்கு நம்பகமானது. மேடையில் பிரமாதமாகப் பாடுகிறவருக்கு ஆறு வயதுப் பிள்ளையிடம் முதல் பாடமான சரளி வரிசையை இருபதாவது முறை கேட்கும் பொறுமை இருக்கவேண்டும் என்பதில்லை.

தெரிந்தவர்கள் யாரும் இல்லையென்றால், இசை படித்தவர்கள் இருக்கும் இடங்களில் விசாரிக்கலாம். ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கும் தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரி, ராணி மேரிக் கல்லூரியின் இசைத்துறை, சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறை ஆகியவற்றில் படித்து முடித்த இளைஞர்கள் ஆரம்பப் பாடத்தை ஒழுங்காகச் சொல்லித் தருகிறார்கள். பிள்ளைக்கு ஆர்வம் இருக்கிறதா என்றே தெரியாதபோது, 5 முதல் 16 வயது வரை உள்ளவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு நடத்தும் ஜவகர் சிறுவர் மன்றத்தின் வகுப்பில் சேர்த்துப் பார்ப்பது நல்ல வழி. செலவு மிகக் குறைவு, பிடிக்கவில்லை என்றால் யாருக்கும் மனவருத்தமும் இல்லை.

பலர் கவனிக்காமல் விட்டுப் பிறகு அவதிப்படுவது கட்டை விஷயத்தில். கட்டை என்பது ஒருவர் ‘ஸ’ என்று வைத்துக்கொண்டு பாடும் ஸ்ருதியின் உயரம்; எண் கூடினால் ஸ்ருதியும் உயரும். பெண்களும் குழந்தைகளும் பெரும்பாலும் 5 கட்டையிலிருந்து 6 கட்டைக்குள் பாடுவார்கள். ஆண்களுக்கு 1 முதல் 2 கட்டை. 1 கட்டையில் பாடுகிற ஆண் ஆசிரியர், ஐந்தரைக் கட்டைக் குழந்தைக்குப் பாடிக் காட்ட வேண்டுமானால் கீழே இறங்கினால் அவருக்குச் சத்தமே எழும்பாது, மேலே ஏறினால் கத்த வேண்டியிருக்கும். சிலர் இதற்காகத் தங்கள் கட்டையிலேயே ஸ்ருதிப் பெட்டியை வைத்துவிட்டுப் பிள்ளையை அதில் பாட வைக்கிறார்கள். பிள்ளை ஒரு ஸ்தாயி, அதாவது ஏழு ஸ்வரம், மேலே எடுத்துப் பாடும். சரளி வரிசையிலும் ஜண்டை வரிசையிலும் மேல் ஸட்ஜத்தோடு (மேல் ஸ) நின்றுவிடுவதால் எப்படியோ சமாளித்துவிடும். மேல்ஸ்தாயி வரிசை வந்து, மேல் பஞ்சமம் (மேல் ப) வரை போகவேண்டிய அன்றுதான் கழுத்து நரம்பு புடைக்கும், தொண்டை கட்டும். அதற்குள் பல மாதம் ஓடியிருக்கும். பெண்கள் நிறைந்த ஐந்தரைக் கட்டைக் குழுவில் சேர்கிற பெரிய ஆண்களுக்கும் இதே கதைதான்: கீழே எடுத்தால் உறுமல், மேலே எடுத்தால் அலறல்.

எனவே ஆசிரியரைப் பார்க்கப் போகும் முன்பே நம் கட்டையைத் தோராயமாகத் தெரிந்துகொள்வது நல்லது. கைப்பேசியில் ஒரு தம்புரா செயலி போதும். பெண்கள், குழந்தைகள் 5-இல், ஆண்கள் 1-இல் தொடங்கி ஸ-ப-மேல் ஸ பாடிப் பாருங்கள். மேல் ஸட்ஜத்துக்கு அப்புறம் ரி, க வரை கத்தாமல் போக முடிகிறதா, கீழே மந்திர பஞ்சமம் (கீழ் ஸ்தாயியின் ப) காற்றாகப் போகாமல் கொஞ்சமாவது கேட்கிறதா என்று பாருங்கள். மேலே முட்டினால் அரைக் கட்டை இறக்குங்கள், கீழே காணாமல் போனால் அரைக் கட்டை ஏற்றுங்கள். சின்னக் குழந்தைகளுக்கு மந்திரம் எப்படியும் எழும்பாது; அவர்களுக்கு மேல்பக்கம் மட்டும் பார்த்தால் போதும். பெரிய பெண்கள் பலருக்கு நாலரைதான் வசதியாக இருக்கிறது. அதில் குறைவு ஒன்றும் இல்லை. “என் கிளாஸில் எல்லாருமே ஐந்தரைதான்” என்று சொல்கிற ஆசிரியரிடம், நம் குரலுக்கு வேறு நேரம் ஒதுக்க முடியுமா என்று தாராளமாகக் கேட்கலாம்.

போனில் பேசும்போதே சிலவற்றைக் கேட்டுவிட வேண்டும். பாடம் எடுப்பது அவரே தானா, இல்லை மூத்த மாணவியா? ஒரு நேரத்தில் எத்தனை பேர்? மாதத்துக்கு எத்தனை வகுப்பு, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம்? பாடத்தை ரெக்கார்ட் செய்ய விடுவாரா? மூத்த மாணவி எடுப்பதில் தப்பே இல்லை, ஆரம்பப் பாடத்துக்கு அது பல சமயம் நல்லதே. ஆனால் முன்பே சொல்லியிருக்க வேண்டும். குழு என்றால் நாலு பேருக்கு மேல் போனால் தனித்தனியாகப் பாடிக் கேட்க நேரம் இருக்காது.

மாதிரி வகுப்புக்குப் போனால் வாய் திறக்காமல் ஓரமாக உட்கார்ந்து கவனியுங்கள். முதலில் ஸ்ருதிப் பெட்டி போடப்படுகிறதா? போட்டவுடனே பாடத்துக்குத் தாவாமல், பிள்ளையின் ஸட்ஜம் போய்ச் சேரும் வரை டீச்சர் காத்திருக்கிறாரா? பிறகு கையைப் பாருங்கள். ஆதி தாளம் என்றால் தொடையில் ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், அதன்பின் தட்டு-வீச்சு, தட்டு-வீச்சு, ஆக எட்டு. முதல் காலத்தில் (வேகத்தில்) ஒரு எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நாலு. கை அதே வேகத்தில் போக வேண்டும், ஸ்வரம் மட்டும் நெருங்க வேண்டும். இரண்டாம் காலம் வந்ததும் எல்லாப் பிள்ளைகளும் கையையும் சேர்த்து ஓட்டிவிடும். அந்த இடத்தில் டீச்சர் நிறுத்துகிறாரா, விட்டுவிடுகிறாரா என்பதை வைத்தே பாதி முடிவு எடுத்துவிடலாம்.

இன்னொன்று, டீச்சர் எப்போது சும்மா இருக்கிறார் என்பது. சில வகுப்புகளில் முழு நேரமும் அவரும் கூடவே பாடிக்கொண்டிருப்பார். வெளியே இருந்து கேட்கிற பெற்றோருக்குப் பிள்ளை அருமையாகப் பாடுவதாகத் தோன்றும். வீட்டுக்கு வந்து தனியாகப் பாடச் சொன்னால் இரண்டாவது வரியிலேயே ஸ்ருதி நழுவும். அவர் ஒருமுறை பாட, பிள்ளை தனியாகத் திருப்பிப் பாட, அவர் திருத்த, மறுபடி பிள்ளை பாட. வகுப்பின் பெரும்பகுதி இப்படிப் போக வேண்டும்.

குழந்தைகளை அனுப்புகிறவர்கள், முதல் சில வாரம் பெற்றோர் உள்ளே உட்கார அனுமதி உண்டா, பாடம் நடக்கும் அறையின் கதவு திறந்திருக்குமா என்று நேராகவே கேளுங்கள். இதற்கு முகம் சுளிக்கிறவர் எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும் வேண்டாம்.

பாட வரிசை புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படுவதுதான்: மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி, ஜண்டை, மேல்ஸ்தாயி, தாட்டு வரிசைகள், ஏழு தாளத்தில் ஏழு அலங்காரங்கள், அதன்பின் மலஹரி ராகத்தில் கீதம் என்னும் எளிய பாட்டு, பிறகு ஸ்வரஜதி, வர்ணம், கீர்த்தனை. சின்னச் சின்ன மாற்றங்கள் ஆசிரியருக்கு ஆசிரியர் உண்டு. வாரம் இரண்டு வகுப்பு, தினமும் இருபது நிமிஷ சாதகம் (பயிற்சி) என்றால் கீதத்தைத் தொடவே ஆறு மாதமோ ஒரு வருஷமோ ஆகலாம். மூன்றாம் மாதமே போட்டிக்காகக் கீர்த்தனை சொல்லித்தருகிற இடங்கள் நிறைய இருக்கின்றன. அங்கே பிள்ளை மேடை ஏறும், பரிசுகூட வாங்கும். ஆனால் ஒரு புது வர்ணத்தின் ஸ்வரத்தைக் கொடுத்தால் தானாகப் பாட வராது, ஒவ்வொரு வரியையும் யாராவது ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் பிள்ளை சலிக்காமல் இருக்க ஒரு நாமாவளியோ எளிய தமிழ்ப் பாட்டோ சொல்லித்தருவது வேறு. அது நல்ல டீச்சரின் லட்சணம்.

கட்டணம் ஏரியாவுக்கும் ஆளுக்கும் தகுந்தபடி மாறும். தொகையைவிட, அது மாதக் கணக்கா வகுப்புக் கணக்கா என்று தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். கச்சேரி செய்கிற ஆசிரியர் என்றால், இசை விழாக் காலமான டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி வரை வகுப்பு சரியாக நடக்காது. விட்டுப்போனதை எப்போது ஈடு செய்வார், அந்த மாதம் முழுக் கட்டணமா என்பதை ஜூனிலேயே கேட்டால் யாருக்கும் சங்கடம் இல்லை.

ஆன்லைன் வகுப்பு பெரியவர்களுக்கு நன்றாகவே ஒத்துவருகிறது, இரண்டு விஷயம் தெரிந்திருந்தால். ஒன்று, சத்தம் போய்வர நேரம் ஆவதால் இருவரும் சேர்ந்து பாடவோ தாளம் போடவோ முடியாது. மாறி மாறித்தான் பாட வேண்டும். இரண்டு, ஜூம் போன்றவை ஸ்ருதிப் பெட்டியின் தொடர் ஒலியை இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். செட்டிங்கில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்பதைப் போட்டு, நம் பக்கமும் தனியாக ஒரு ஸ்ருதி வைத்துக்கொள்ள வேண்டும். அப்படியும் ஆறேழு வயதுக் குழந்தைகளுக்கு நேர் வகுப்புதான் சரி. உட்காரும் விதம், வாய் திறக்கும் விதம், தாளக் கை எல்லாம் திரையில் பாதிதான் தெரியும்.

பெரியவர்கள் சேரும்போது “எனக்குக் கச்சேரி பண்ண வேண்டாம், நாலு கீர்த்தனை ஒழுங்காகப் பாடினால் போதும்” என்று முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. ஆனால் வரிசைகளைத் தவிர்க்கச் சொல்லாதீர்கள். அகாரத்தில் (‘ஆ’ என்று) நீளமாக நின்று பாடும் பழக்கம் இல்லாத குரலுக்கு அவைதான் மருந்து. பையன்களுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் குரல் உடையும்போது கட்டையை இறக்கி, மெதுவாகப் பாடவைத்து, ஒரு வருஷம் மிருதங்கமோ வயலினோ பக்கம் திருப்பிவிடுகிற ஆசிரியர் கிடைத்தால் விடாதீர்கள். பழைய கட்டையிலேயே பாடச் சொல்லி வற்புறுத்தினால் பையன் பாட்டையே விட்டுவிடுவான்.

பெரும்பாலும் விஜயதசமியன்று தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய், தட்சிணை வைத்துத் தொடங்குவார்கள். அந்த வாரம் எல்லா டீச்சர்களிடமும் புதுப் பிள்ளைகள் குவிவதால், நவராத்திரியில் எழுதிக்கொண்ட பெயர்களை வைத்து, அடுத்த விஜயதசமிக்கு முன்பே மாதிரி வகுப்பெல்லாம் முடித்து நேரத்தைப் பேசி வைத்துவிடுங்கள். இடையில் ஆசிரியரை மாற்ற நேர்ந்தால் ஒரு பாட்டின் நடுவில் மாற்ற வேண்டாம். ஒவ்வொருவர் பாடாந்தரமும் (ஒரே பாட்டைப் பாடும் முறை) வேறு. எடுத்த பாட்டை முடித்து, பழைய ஆசிரியரிடம் நேரில் சொல்லி விடைபெற்று, பாட நோட்டையும் ரெக்கார்டிங்கையும் புதியவரிடம் காட்டினால் அவர் எங்கிருந்து தொடங்குவது என்று தானே சொல்வார். பெரும்பாலும் அலங்காரத்திலிருந்து மறுபடி பாடிக் காட்டச் சொல்வார். அதற்குச் சலித்துக்கொள்ளாமல் பாடிக் காட்டுங்கள்.