எழுநூறு கிராம்

கும்பகோணத்தில் கல்யாண வீடுகளில் படம் எடுத்துப் பிழைக்கும் எனக்கு, எந்த நிறுவனத்தின் கேமரா உசத்தி என்பது நெடுநாள் வரை டீக்கடை வாக்குவாதமாகவே இருந்தது. ஒரு வைகாசி முகூர்த்தத்தில்தான் அந்தக் கேள்வி மணிக்கட்டுக்கு இறங்கி வந்தது. முந்தின நாள் மாப்பிள்ளை அழைப்பிலிருந்து தூக்கமில்லை. பெரியவர்கள் அட்சதையோடு மணவறையை நெருக்கி நின்றுவிட்டதால், தள்ளி நின்று, தூரத்தை இழுத்துக் காட்டும் 70-200 லென்ஸில்தான் தாலி கட்டுவதை எடுக்க வேண்டியிருந்தது. கெட்டிமேளம் முழங்கியபோது லென்ஸைத் தாங்கிய இடக்கை நடுங்கியது. நாத்தனார் மூன்றாம் முடிச்சுப் போடும் படம் ஒன்றுகூடத் தெளிவாக விழவில்லை.

அன்று என் கையிலிருந்தது கேனான் 5டி மார்க் 3. பேட்டரியோடு 950 கிராம். அதில் மாட்டிய இஎஃப் 70-200 எஃப்/2.8 இரண்டாம் பதிப்பு 1,490 கிராம். இரண்டும் சேர்ந்து இரண்டரைக் கிலோவுக்குச் சற்றே குறைவு. உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு மாறினால் பாரம் குறையும் என்றார்கள். கேனானின் மிரர்லெஸ்ஸான ஆர்6 மார்க் 2 வாங்கி, பழைய லென்ஸையே அடாப்டர் என்ற 110 கிராம் இணைப்பு வளையத்தில் மாட்டினால் மிச்சமாவது வெறும் 170 கிராம் என்பது கணக்குப் போட்டபோதுதான் உறைத்தது. லென்ஸையும் மாற்றி, மிரர்லெஸ்ஸுக்கென்றே வந்த, 1,070 கிராம் எடையுள்ள ஆர்எஃப் 70-200ஐப் போட்டால்தான் 700 கிராம் குறைகிறது. பாரம் கேமரா பாடியில் இல்லை, லென்ஸின் கண்ணாடியில்தான் இருக்கிறது.

சோனியின் ஏ7 4, அதன் இரண்டாம் பதிப்பு 70-200 ஜிஎம் ஆகியவற்றையும் கூட்டிப் பார்த்தேன்; கேனானின் இந்தப் புது ஜோடியைவிட 37 கிராம்தான் குறைவு. இதற்காகவா இத்தனை வாக்குவாதம் என்று சிரிப்பு வந்தது. உண்மையில் என்னைச் சபலப்படுத்தியது சோனிக்கான டாம்ரான் 70-180 லென்ஸ்: அதே எஃப்/2.8 வெளிச்சம், 810 கிராம்தான். கேனானின் ஆர்எஃப் மவுண்ட்டில் (லென்ஸ் மாட்டும் வாய்), ஃபுல் ஃபிரேம் எனப்படும் பெரிய சென்சாருக்கு அப்படியொரு வெளி நிறுவன ஆட்டோஃபோகஸ் லென்ஸ் அப்போது கிடையாது.

ஆனாலும் நான் சோனிக்கு மாறவில்லை. முகூர்த்த நாளில் ஒரு லென்ஸ் மக்கர் செய்தால், அரை மணி நேரத்தில் கடன் வாங்கிவர எனக்குத் தெரிந்த நான்கு ஸ்டுடியோக்கள் உண்டு, நான்கிலும் கேனான்தான். சென்னையில் இருப்பவருக்கு இது பெரிய காரணமாகத் தோன்றாமல் இருக்கலாம். விடியற்காலை நாலரைக்கு ஏதாவதொரு கிராமத்து மண்டபத்தில் நிற்பவனுக்கு இதைவிடப் பெரிய காரணம் கிடையாது.

ஆர்6 மார்க் 2ஐயும் ஆர்எஃப் 70-200ஐயும் வாங்கினேன்; கிட்டத்தில் எடுக்கும் 24-70 லென்ஸை மட்டும் மாற்றவில்லை. பழைய இஎஃப் இரண்டாம் பதிப்பு 805 கிராம், புதிய ஆர்எஃப் 900 கிராம். அடாப்டரோடு சேர்த்தாலும் கிட்டத்தட்ட ஒரே எடைதான், பிறகு எதற்குச் செலவு? பழைய 70-200ஐயும் விற்கவில்லை. ஐப்பசி ஈரத்தில் பூஞ்சை பிடிக்காமலிருக்க, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பாவில் கிடக்கிறது. முகூர்த்த மாதங்களில் அந்த நான்கு ஸ்டுடியோக்களில் யாராவது ஒருவர் வந்து எடுத்துப்போகிறார்.