நாணல் குடிக்காத உப்பு

ஈரோட்டிலிருந்து சென்னிமலை வழியாகக் கிளம்பியது ஒரத்துப்பாளையம் அணையைப் பார்க்க. நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காக 1992ல் கட்டி முடித்த அணை. திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கியதில், 'தண்ணீரைத் திறக்காதீர்கள்' என்று விவசாயிகளே கேட்கும் நிலைக்கு வந்தது. அணையில் பத்து நிமிடம்கூட நிற்கவில்லை, அவ்வளவு வெயில்.

அப்புறம் நண்பரின் மாமா பட்டறைக்குப் போனோம். கைத்தறிப் போர்வைக்கு நூல் சாயம் போடுகிற சின்ன இடம். சாயக்கழிவு நீரைச் சுத்தம் செய்யப் பின்பக்கம் நாணல் படுகை வைத்திருக்கிறார் என்றதும் குளம் மாதிரி எதிர்பார்த்தேன். கண்ணில் பட்டது ஜல்லியும் ஆள் உயர நாணலும்தான். தண்ணீர் ஜல்லிக்கு அடியிலேயே போகிறது. குனிந்து முகர்ந்தால் குளத்துச் சேற்று வாசனை.

"செடி சாயத்தைக் குடிச்சிருதுங்களா மாமா?"

"அது எங்க குடிக்குது! வேரைச் சுத்தி இருக்கற கிருமிதான் வேலை செய்யுதுங்க."

அவர் சொன்னது சரிதான். அசோ வகைச் சாயங்களின் நிறத்துக்குக் காரணமே இரண்டு நைட்ரஜன் அணுக்களின் இணைப்பு. காற்றில்லாத ஜல்லிக்குள் பாக்டீரியா அதை உடைத்தால் நிறம் போய்விடும். ஆனால் உடைந்த துண்டுகளில் சில நச்சு. அவற்றைச் செரிக்கக் காற்று வேண்டும். அதனால்தான் பக்கத்தில் இரண்டாவது படுகை. அதில் நீரை விட்டு விட்டுப் பாய்ச்சி, நடுவில் காயவிடுகிறார்.

நுழைவாயில் குழாயில் பிடித்தது கருஞ்சிவப்பு. கடைசிக் குழாயில் பிடித்த டம்ளரில் லேசான தேநீர் நிறம். எனக்கோ ஒரே பரவசம். மாமா எதுவும் பேசாமல், நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை இரண்டிலும் விட்டுக் காட்டினார். எண் பெரிதாக இறங்கவே இல்லை.

பருத்தி நூலில் சாயம் ஏற உப்பு கொட்டியாக வேண்டும். அந்த உப்பை நாணலும் தொடாது, கிருமியும் தொடாது. ஓரத்தில் வைத்த கல்வாழைகூட இலை நுனி கருகித்தான் நின்றது. நொய்யல் பாசன நிலங்களைக் கெடுத்ததில் நிறத்தைவிட இந்த உப்புக்குப் பங்கு அதிகம். 2011ல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். சொட்டு நீர்கூட வெளியே விடக்கூடாது என்ற விதிக்காக, பெரிய ஆலைகள் சவ்வு வழியாக வடிகட்டி, மிச்சத்தைக் கொதிக்கவைத்து உப்பைப் பிரிக்கின்றன. நாணலை மட்டும் நம்பி ஊரையே சுத்தம் செய்யலாம் என்று எழுதுகிறவர்கள் ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கிக்கொள்ளலாம்.

மாமா கடைசி நீரை ஆழமில்லாத சிமெண்டுத் தொட்டியில் வெயிலுக்கு விடுகிறார். அடியில் அழுக்குப் பழுப்பாக உப்பு படிந்திருந்தது. மண்வெட்டியால் சுரண்டினால் பொருக்குப் பொருக்காக வந்தது. சுவரோரம் அதே உப்பு நிரம்பிய சாக்குகள், தார்ப்பாய் போர்த்தி.

"இதை யாருங்க வாங்குவாங்க?" என்றேன்.

"கேட்டுட்டுத்தான் இருக்கறனுங்க."