555-ஆம் எண் பஸ்: ஜனவரிக் குறிப்புகள்

ஜனவரி 9

இங்கிலாந்தின் வடமேற்கே, ஏரி மாவட்டம் (லேக் டிஸ்ட்ரிக்ட்) என்கிற மலைப்பகுதியில், விண்டர்மியரிலிருந்து கெசிக் போகும் மாடி பஸ். மேலே ஏறி இடது பக்க ஜன்னலோரம் பிடித்தேன். வடக்கே போகிறவர்களுக்கு ஏரிகள் எல்லாம் அந்தப் பக்கம்தான். காரில் போனால் வழியெங்கும் கல் சுவர் மறைக்கும். மாடியில் அந்தத் தொல்லை இல்லை.

ஆம்பிள்சைட் தாண்டி ரைடல் ஏரி வந்ததும் மூச்சே நின்றுவிட்டது. சாலைக்கும் தண்ணீருக்கும் நடுவே இருக்கிற மரங்களில் ஓர் இலை இல்லை. கோடையில் பச்சைத் திரைக்குப் பின்னால் அங்கங்கே மினுங்கும் ஏரி, இன்று கரையோரம் உறைந்து, நடுவே கறுத்து, முழுசாகக் கிடந்தது. இந்த பஸ்ஸில் ஏறக் குளிர்காலம்தான் சரியான காலம் என்று யாரிடமும் சொல்வேன்.

ஜனவரி 10

கிராஸ்மியரில் இறங்கினேன். ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் 1799 முதல் 1808 வரை குடியிருந்த டவ் காட்டேஜை வெளியே நின்று பார்த்ததோடு சரி. என்னைப் பிடித்து நிறுத்தியது ஆடுகள்தான். ஹெர்ட்விக் என்ற இனம். குட்டியில் கறுப்பு, வளர வளரச் சாம்பல். முகம் மட்டும் வெள்ளை. சுவரோரம் நின்ற ஒன்றின் முதுகு ரோமத்தில் பனித்துகள் உருகாமல் அப்படியே இருந்தது. கம்பளி அவ்வளவு அடர்த்தி, உள்சூடு வெளியே வருவதில்லை. எந்தப் பண்ணை ஆடு என்று தெரிய விலாவில் சிவப்புச் சாயம்.

ஜனவரி 12

டன்மெயில் கணவாய் ஏறும்போது பஸ் முனகியது. இறங்கினால் தர்ல்மியர். இது பழைய ஏரியில் அணை கட்டிப் பெரிதாக்கிய நீர்த்தேக்கம். 1894 முதல் இங்கிருந்து மான்செஸ்டருக்குத் தண்ணீர் போகிறது. சுமார் 150 கிலோமீட்டர், பம்ப் இல்லாமல் சரிவிலேயே. அதற்காக ஊர்கள் மூழ்கின. வித்பர்ன் கிராமத்தின் சின்னஞ்சிறு தேவாலயம் மட்டும் சாலையோரம் மிஞ்சியிருக்கிறது. ஊசியிலை மரங்கள் இங்கே குளிரிலும் ஏரியை மறைக்கின்றன. இடைவெளியில் தண்ணீர் தெரிகிறபோதெல்லாம் கழுத்தை நீட்டினேன். அந்த வீடுகளை விட்டுப் போனவர்களை நினைக்காமல் இந்த அழகை ரசிக்க எனக்கு முடியவில்லை.

ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது, அதனால் காலை பஸ்தான் நல்லது. நாளை வலது பக்கம் உட்கார வேண்டும்: 950 மீட்டர் உயர ஹெல்வெலின் மலை அந்தப் பக்கம்.