எத்தனை மணி நேரம் என்று கேட்பவர்களுக்கு

வகுப்பாசிரியை என்ற முறையில், பெற்றோர் கூட்டங்களில் நான் ஓயாமல் எதிர்கொள்ளும் கேள்வி, பிள்ளையிடம் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் செல்போனைக் கொடுக்கலாம் என்பதுதான். உலக சுகாதார நிறுவனம் 2022 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் டிஜிட்டல் விளையாட்டு அடிமைத்தனம் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் அதற்கான வரையறையில் மணிக்கணக்கு எதுவும் இல்லை. கட்டுப்பாடு கைவிட்டுப் போவது, மற்றதையெல்லாம் விளையாட்டு பின்னுக்குத் தள்ளுவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது ஆகியவற்றைத்தான் அது பார்க்கிறது.

தந்தையின் பணிமாற்றத்தால் ஆண்டின் நடுவில் எங்கள் பள்ளியில் சேர்ந்த மாணவன் ஒருவன், டிபன் பாக்ஸைத் தனியே திறந்து சாப்பிட்டுவிட்டு, மணியடிக்கும்வரை மேசைமேல் கவிழ்ந்து கிடப்பான். பதில் சொல்ல எழுப்பினால் அவன் குரல் முன்வரிசையைத் தாண்டாது. அதே பையன் இரவில், நால்வர் அணியாக ஆடும் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் என்ற செல்போன் துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் மைக்கைப் போட்டுக்கொண்டு, "நீ லெஃப்ட்ல ஏறு, நான் கவர் பண்றேன்" என்று மற்ற மூவருக்கும் கட்டளையிடுவதாக அவனுடைய அம்மா குறைபட்டுக்கொண்டார். எனக்கோ, அவனுக்கு அவ்வளவு பேச வரும் என்பதே புதிய செய்தி.

அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆய்வாளர் ஸ்காட் கேப்லன் 2003இல் எழுதியது இதற்கு நெருக்கமானது. தனிமையிலும் மனச்சோர்விலும் இருப்பவர்கள் நேரில் பேசுவதைவிட இணையத்தில் பேசுவதையே பாதுகாப்பாக உணர்கிறார்கள் என்றும், அந்த விருப்பமே பின்னர் கட்டுமீறிய பயன்பாட்டுக்கு இட்டுச்செல்கிறது என்றும் அவர் வாதிட்டார். இரவெல்லாம் விழித்தவன் பகலில் தூங்கி வழிகிறான். அதனால் வகுப்பில் இருக்கும் கொஞ்சநஞ்சப் பழக்கமும் அறுந்துபோகிறது. பகலில் கூடிப் பேசும் பிள்ளைகள் மாலையில் வாட்ஸ்அப்பில் அரட்டையைத் தொடர்வதை இதனோடு சேர்க்க முடியாது.

நேரத்தைச் சட்டத்தால் தடுத்துப் பார்த்த நாடும் உண்டு. தென்கொரியா 2011இல், பதினாறு வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டுகளில் ஈடுபடத் தடை விதித்தது. பிள்ளைகள் பெற்றோரின் அடையாள எண்ணைக் கொண்டு உள்ளே நுழைந்தார்கள். செல்போன் விளையாட்டுகளோ அந்தச் சட்டத்துக்குள் வரவே இல்லை. பத்தாண்டுக்குப் பின் அது கைவிடப்பட்டது.

டேட்டாவை நிறுத்தப்போவதாகச் சொன்ன அந்த அம்மாவிடம், உடன் விளையாடும் மூவரும் யார் என்று முதலில் கேட்கச் சொன்னேன். கேட்டிருக்கிறார். அவர்களில் ஒருவன் பழைய பள்ளியில் அவனுக்குப் பக்கத்து இருக்கைக்காரன். கோடை விடுமுறையில் அந்த ஊருக்கு அவனை அனுப்பிவைக்க இப்போது பேசிக்கொண்டிருக்கிறார்கள். இரவு விளையாட்டு இன்னும் நிற்கவில்லை.